தண்ணி இல்லடா, மூச்சு

ஜூலை வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தூண்டில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் சார்டைன் மீன் எப்போது கரையேறும் என்பதே பேச்சு. எங்கள் மாமா மட்டும் திமிங்கலம் பார்க்க, பைனாகுலரோடு கடலோரத்து பிளஃப் மேட்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் நானும் போனேன். தூரத்தில் வெள்ளையாக ஏதோ எழும்பியது. "அதோ, தண்ணி பீச்சுது!" என்றேன். "தண்ணி இல்லடா, மூச்சு" என்றார்.

அதேதான். நுரையீரலின் வெதுவெதுப்பான, ஈரமான காற்றைத் திமிங்கலம் ஒரே மூச்சில் வெளியே தள்ளுகிறது. அது குளிர்ந்து துளிகளாகிறது; மூக்குத்துளை மேல் நின்ற கடல்நீரும் கூடவே சிதறுகிறது. அந்தப் புகையின் உருவம் இனத்துக்கு இனம் வேறு. நீலத் திமிங்கலத்துக்குச் செங்குத்தாக 9 மீட்டர் வரை போகும். ரைட் திமிங்கலத்துக்குக் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரியும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு இருப்பது ஒரே துளை, அதுவும் தலையின் முன்முனையில் இடப்பக்கம். அதனால் மூச்சு முன்னோக்கி இடதுபுறம் சாய்ந்து வரும்.

சரி, காற்று பலமாக அடித்தால்? எல்லாம் ஒரே புகைதான். அப்புறம் முதுகைப் பார்க்க வேண்டும். ரைட் திமிங்கலத்துக்கு முதுகுத்துடுப்பே கிடையாது. ஹம்ப்பேக் திமிங்கலத்துக்குத் திமில் மேல் குட்டையாக ஒன்று. ஃபின் திமிங்கலம்தான் வேடிக்கை: கீழ்த்தாடை வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் கருப்பு. படகு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அடையாளம் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். சேய், பிரைட் என்ற இரண்டு திமிங்கல இனங்களும் இன்னும் மோசம். பிரைடின் தலையில் வரப்பு மாதிரி மூன்று மேடு, சேய்க்கு ஒன்று. தூரத்திலிருந்தே இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

இதே பிளஃபில் 1975 வரை திமிங்கல ஆலை ஓடியது. அன்று திமிங்கலத்தைக் கொன்று, கரைக்கு இழுத்து, அறுத்துத்தான் ஆராய்ந்தார்கள். இன்று ஒரு படம் போதும். ஹம்ப்பேக்கின் வாலின் அடிப்புறத்தில் உள்ள கருப்பு வெள்ளைக் கோலம் ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ரைட் திமிங்கலத்தின் தலையில் தடித்த தோல்திட்டுகள் உண்டு. அவற்றில் குடியிருக்கும் பேன்களால் அவை வெள்ளையாகத் தெரியும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 1979 முதல் ஹெலிகாப்டரில் பறந்து கேப் கடற்கரையோரம் இந்தத் திட்டுகளைப் படமெடுத்து வருகிறார்கள். அதே தாய் மறுபடி எப்போது குட்டியோடு வருகிறாள் என்று அதில் தெரியும். முன்பு பெரும்பாலும் 3 ஆண்டுக்கு ஒருமுறை. அண்மைக் காலமாக 4, 5 என்று தள்ளிப்போகிறது. தென்கடலில் அவற்றின் தீனி மாறியதே காரணம் என்று சந்தேகிக்கிறார்கள்.

அன்று மாமா நோட்டில் எழுதியது: "பெரியது. இனம் தெரியவில்லை."

"இந்த மாசம் வடக்கே மொசாம்பிக் பக்கம் போறது ஹம்ப்பேக்தானே? அப்படியே எழுதிடலாமே?"

"வாலைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை.