திம்பம் ஏறும் வண்டிக்கு எத்தனை பல்?

"எஞ்சின் ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க. கிரௌன் மட்டும் ஒண்ணுல 4.1, இன்னொண்ணுல 4.88-னு போட்டிருக்குது. எந்த பிக்கப்புங்க எடுக்கறது?" புளியம்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் கோவைக்கு வாழைத்தார், இரண்டு நாள் திம்பம் மலைப்பாதை வழியாகத் தாளவாடி. ஏறும்போது உரமூட்டை, இறங்கும்போது முட்டைக்கோஸ்.

குதிரைத்திறனை விட்டுவிட்டுக் கிரௌனைப் பற்றிக் கேட்டாரே, அதற்கே ஒரு சபாஷ்.

எஞ்சின் தருவது முறுக்கு விசை. அது கியர் பெட்டியில் ஒருமுறை பெருகும், பின் அச்சிலுள்ள கிரௌன் பினியனில் மறுமுறை பெருகும். பினியன் சின்னப் பல்சக்கரம், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரம் கிரௌன். கிரௌனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் அந்த 4.1, 4.88. விசை பெருகிய அளவுக்கு வேகம் குறையும். கடப்பாரையை நீளமாகப் பிடித்தால் கல் புரளும், கை அதிக தூரம் நகர வேண்டும், அதே கணக்குதான்.

இனி எண்கள். வண்டியும் சரக்கும் சேர்த்து 3 டன், டயரின் ஆரம் 34 செ.மீ., எஞ்சின் முறுக்கு 200 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் சக்கரங்களுக்கு சுமார் 950 நியூட்டன் மீட்டர் வேண்டும். மூன்றாம் கியர் 1.4 மடங்கு பெருக்கும் என்றால், உராய்வில் பத்தில் ஒரு பங்கு போக, 4.1 கிரௌன் 1,030 கொடுக்கும், 4.88 கிரௌன் 1,230 கொடுக்கும். இரண்டும் ஏறிவிடும்.

கொண்டை ஊசி வளைவில்தான் கதை மாறுகிறது. திம்பத்தில் அப்படி 27 வளைவுகள். வளைவின் உட்பக்கம் சரிவு திடீரென்று கூடும். அது 100 மீட்டருக்கு 15 மீட்டர் என்று போனால் தேவை 1,650. இரண்டாம் கியர் 2.3 என்றால் 4.1 கிரௌன் தருவது 1,700. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி மூச்சைப் பிடித்துத் தாண்டிவிடும். எதிரே பஸ் வந்து நிற்க வேண்டியதாகிவிட்டால் இரண்டாம் கியரில் மறுபடி கிளம்பாது. முதல் கியருக்கு வர வேண்டும். வராமல் அரை கிளட்ச்சில் இழுப்பவர்களின் கிளட்ச் தட்டுதான் கருகி நாறும். 4.88 அதே இடத்தில் 2,020 தரும்.

சமதளத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். டாப் கியர் நேரடி, அதாவது கியர் பெட்டியில் பெருக்கமே இல்லை என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 4.1 வண்டியின் எஞ்சின் 1,920 சுற்றும், 4.88 வண்டியில் 2,280. கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதல். 80-க்குப் போனால் 3,040-ஐத் தொட்டுவிடும். சத்தமும் டீசலும் ஏறும்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. முழு முறுக்கு எந்தச் சுற்றில் தொடங்குகிறது என்று விவரத்தாளில் பாருங்கள். 1,400-லேயே தொடங்கி 2,200 வரை நிற்பது மலைக்கு ஏற்றது. 2,000-க்கு மேல்தான் விழிக்கும் எஞ்சின், குதிரைத்திறன் எவ்வளவு இருந்தாலும், வளைவில் வேகம் செத்ததும் டர்போவில் காற்றில்லாமல் திணறும்.

அந்த 4.1, 4.88 என்ற எண்கள் ஏன் இப்படி அரைகுறையாக இருக்கின்றன? 4 அல்லது 5 என்று முழுசாக வைத்தால் என்ன? எனக்கு இந்த வண்டியிலேயே மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

கிரௌனில் 40 பல், பினியனில் 10 பல் என்று வைப்போம். பினியனின் முதல் பல் கிரௌனின் 1, 11, 21, 31-ஆம் பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஆயுள் முழுக்க அந்த நான்கு பேரோடுதான் குடித்தனம். முதல் பல்லில் ஒரு சிறு பிசிறு இருந்தால் அந்த நான்கு பற்களையும் ஒரே இடத்தில் சுரண்டிக்கொண்டே இருக்கும். கிரௌனுக்கு ஒரே ஒரு பல்லைக் கூட்டி 41 ஆக்குங்கள். 41-க்கும் 10-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுஎண் கிடையாது. இப்போது பினியனின் ஒவ்வொரு பல்லும் 41 சுற்றுகளில் கிரௌனின் 41 பற்களையும் தவறாமல் ஒருமுறை சந்தித்துவிட்டுத்தான் முதல் பல்லிடம் திரும்பி வரும். தேய்மானம் எல்லார் தலையிலும் சமமாக விழுகிறது. பற்கள் ஒன்றையொன்று மெருகேற்றிக்கொள்கின்றன. 4.88-ம் அப்படித்தான், 39-க்கு 8. ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த மீப்பெரு பொது வகுத்தி, கிரௌன் பெட்டிக்குள் எண்ணெயில் முங்கிக்கொண்டு வேலை பார்க்கிறது!

கிரௌனையும் பினியனையும் தொழிற்சாலையிலேயே ஜோடியாகத் தேய்த்துப் பொருத்துகிறார்கள். இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். பழைய கிரௌனோடு புதுப் பினியனைச் சேர்த்தால் ஊளையிடும். பினியன் கிரௌனின் மையத்துக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த வழுக்கலைத் தாங்க ஜிஎல்-5 தர எண்ணெய்தான் வேண்டும். கியர் பெட்டி எண்ணெய் மிச்சமிருக்கிறதென்று ஜிஎல்-4-ஐ ஊற்றினால் பல்முகம் உரியும். பண்ணாரியில் கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கிரௌன் எண்ணெயின் அளவுத் திருகையும் அதே பக்தியோடு திறந்து பார்த்தால் போதும்.

இறக்கம் இன்னும் முக்கியம், ஏனென்றால் முட்டைக்கோஸ் வருவது அப்போதுதான். 3 டன் வண்டி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் விடுகிற ஆற்றல், 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதை பிரேக் கட்டைகள் மட்டும் வாங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னுக்கு இழுத்து அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். அந்த இழுவையைப் பெருக்கிச் சக்கரத்துக்குத் தருவதும் அதே கிரௌன்தான்; 4.88-ல் பிடிப்பு 19 சதவீதம் கூடுதல். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இந்த உதவி முழுவதையும் தூக்கி எறிகிறார்கள்.

கோவையைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரிகள்! திம்பத்தில் ஒரு பிக்கப்பை ஏற்றி இறக்கி, வளைவு வளைவாக முறுக்கையும் டீசலையும் அளந்து பொதுவில் வைத்தால் ஓர் ஆண்டுவிழாப் பந்தல் செலவுக்குள் முடியும் என்பது என் எண்ணம். அதற்கு நிதி கேட்டால் மட்டும் கைவிரிப்பார்கள்.

புளியம்பட்டிக்காரருக்கு என் பதில் 4.88. அன்னூர் வழியாகக் கோவை போகிற சாலையில் 60-க்கு மேல் ஓட்ட வாய்ப்பு குறைவு. ஆறு நாளும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் 80-ல் ஓடுபவர் என்றால் 4.1 சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது பின்சக்கரத்தின் நடுவையும் பாருங்கள். ஹப் குமிழாகத் துருத்தி, அதன் முகத்தில் வட்டமாக போல்ட்டுகள் இருந்தால் பெரும்பாலும் அது முழு மிதவை அச்சு. பாரத்தை வெளிக்குழாய் தாங்கும். உள்ளே இருக்கும் தண்டு திருகுவதோடு சரி. தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. அரை மிதவையில் தண்டே பாரத்தையும் சுமக்கும். முறிந்தால் சக்கரமும் கூடவே போகலாம். மூட்டை மேல் மூட்டை ஏற்றுகிறவருக்கு முழு மிதவைதான்.

கடைசியாக, எடுப்பாக இருக்கிறதென்று பெரிய டயர் மாட்ட வேண்டாம். ஆரம் 34-லிருந்து 37 ஆனால் 4.88 கிரௌன் 4.48 போல நடந்துகொள்ளும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ல் போய்க்கொண்டிருக்கும்.