புதுத் தொடக்கத்தை மராட்டியில் எப்படிச் சொல்வது?

2020 மே 31 அன்று மகாராஷ்டிர அரசு ஊரடங்கைத் தளர்த்தும் திட்டத்தை அறிவித்தது. ஆணையில் அதற்கு வைத்த பெயர் ஆங்கிலத்தில் 'மிஷன் பிகின் அகெய்ன்'. ஆனால் மக்களிடம் மராட்டியில் பேசிய அன்றைய முதல்வர் உத்தவ் தாக்கரே 'புனஸ்ச ஹரி ஓம்', அதாவது மீண்டும் ஹரி ஓம், என்றார். மறுபடியும் என்ற பொருளைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக எதுவும் கிடையாது. ஆனாலும் அருமையான மொழிபெயர்ப்பு அது. 1897இல் ராஜதுரோக வழக்கில் சிறை சென்ற திலகர், விடுதலையான பிறகு 1899இல் கேசரி இதழில் எழுதிய தலையங்கத்தின் தலைப்பு இதுதான். தடைபட்டு நின்ற வேலையை மீண்டும் கையில் எடுப்பது என்ற அர்த்தம் மராட்டியர் காதில் உடனே விழும்.

மரபுத்தொடர் மூளையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். ஸ்வின்னி, கட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் ஒரு சோதனை நடத்தினார்கள். திரையில் வரும் சொற்கோவை பொருளுள்ளதா என்று சட்டென்று சொல்ல வேண்டும். சாதாரணத் தொடர்களைவிட மரபுத்தொடர்களை மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். மரபுத்தொடர் முழுவதையும் ஒரே நீண்ட சொல்லைப் போல மூளை சேமித்து வைத்திருக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆகவே 'புது இலையைத் திருப்புவது' என்று ஆங்கிலேயர் சொல்லும்போது இலையோ ஏடோ அவர் மனதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பழைய கெட்ட வழக்கத்தை விட்டுவிட்டார் என்ற பொருள்தான் இருக்கும். அங்கே மராட்டியில் 'நவ்யானே சுருவாத்', புதிதாகத் தொடங்குவது, என்றாலே போதும். வெறுமனே ஒரு வேலையை ஆரம்பிப்பதற்கு 'ஸ்ரீகணேஷா கரணே' என்பார்கள். நாம் பிள்ளையார் சுழி போடுவதாகச் சொல்கிறோமே, அதேதான்.

சிலேட்டைத் துடைப்பது, அதாவது பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, பற்றிய ஆங்கிலத் தொடர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மராட்டியிலும் 'கோரீ பாட்டீ' உண்டு, எதுவும் எழுதாத சிலேட்டு. எந்த முன்முடிவும் இல்லாத மனதுக்கு அது பொருந்தும். கடன் தீர்ந்த விவசாயிக்கு? அதற்கு 'சாத்பாரா கோரா' என்றே ஒரு தொடர் இருக்கிறது. சாத்பாரா என்றால் ஏழு-பன்னிரண்டு. கிராம நிலப் பதிவில் 7ஆம் படிவம் நிலம் யாருடையது என்று சொல்லும், 12ஆம் படிவம் என்ன பயிர் என்று சொல்லும். வங்கிக் கடன் வாங்கினால் அந்தக் கடனும் அதிலேயே ஏறிவிடும். கடன் தள்ளுபடி கேட்டுப் போராடும் விவசாயிகள் அந்தத் தாளை வெற்றாக்கு என்கிறார்கள். இந்த இடத்தில் சிலேட்டைக் கொண்டுவந்தால் அந்த மனிதரின் வலி முழுக்கக் காணாமல் போகும்.

மொழிபெயர்க்கும் இயந்திரம் தடுமாறுவதும் இங்கேதான். ஒரே வாக்கியம் இரு மொழிகளிலும் இருக்கும் கோடிக்கணக்கான இணைகளைப் படித்து அது பழகுகிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு திரட்டிய 'சமானந்தர்' தொகுப்பில் ஆங்கிலத்துக்கும் 11 இந்திய மொழிகளுக்குமாக ஏறக்குறைய 5 கோடி வாக்கிய இணைகள் உண்டு. மராட்டியும் அதில் ஒன்று. ஆனால் 'இலை', 'திருப்பு' போன்ற சொற்கள் பெரும்பாலும் நேர்ப்பொருளில்தான் வரும், மரபுத்தொடராக வருவது அபூர்வம். அதனால் இயந்திரம் நேர்ப்பொருள் பக்கம் சாய்கிறது. தவிர, ஒற்றை வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் சிலேட்டு யாருடையது, மாணவனுடையதா விவசாயியுடையதா, என்று அதற்கு எப்படித் தெரியும்? முன்பின் பத்திகளையும் சேர்த்துக் கொடுத்தால் சரியாகப் பிடிக்க வாய்ப்பு கூடுகிறது.

மராட்டியிலிருந்து வெளியே வரும்போதும் இதே கவனம் தேவை. தேர்தல் பிரசாரத்துக்கு 'தேங்காய் உடைத்தார்கள்' என்று மராட்டிப் பத்திரிகை எழுதினால் பிரசாரம் தொடங்கிவிட்டது. ஒருவருக்குத் 'தேங்காய் கொடுத்தார்கள்' என்று எழுதினாலோ, அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.