கை தெளிந்தாலும் குளிசையை விடாதீர்கள்

வயலில் மண்வெட்டி பிடித்த கை திடீரென்று சோர்ந்துபோகும். அல்லது வாய் கோணி, பேச்சுக் குழறும். கால் மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி. "வெயில் பட்டுவிட்டது" என்று சொல்லி மறுநாளும் வேலைக்குப் போய்விடுவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து நோயாளிகளிடம் அடிக்கடி கேட்கும் கதை இது. உண்மையில் மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டிருக்கிறது. இதுதான் சிறு பக்கவாதம்.

முதல் இரண்டு நாட்கள் மிகவும் ஆபத்தானவை. சுகமாகிவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்கு வாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து அந்த வாரத்தோடு முடிவதில்லை. 2025 இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, சிறு பக்கவாதமோ லேசான பக்கவாதமோ வந்த நூறு பேரில் முதல் ஆண்டில் சுமார் 6 பேருக்கும், 10 ஆண்டுகளுக்குள் சுமார் 20 பேருக்கும் பக்கவாதம் வருகிறது.

அந்த இருபது பேரில் நீங்களும் ஒருவராவதற்கு முதற்காரணம் பிறசர். பெரும்பாலானோருக்கு அது 130/80 இற்குக் கீழே இருப்பது நல்லது. தலையிடி இல்லை, அதனால் பிறசரும் இல்லை என்று நினைக்காதீர்கள். கூடிய பிறசர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உப்புக் கூடிய கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். அப்புறம் நாடித்துடிப்பு. அது ஒழுங்கில்லாமல் அடித்தால் இதயத்தில் கட்டியாகும் இரத்தம் மூளைக்குப் போய் அடைக்கலாம். அப்படியானவர்களுக்கு, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வழமையாகக் கொடுக்கும் அஸ்பிரின் போதாது, வேறு மருந்து வேண்டும். ஆகவே ஈ.சி.ஜி எடுக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். கழுத்து இரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல், பீடி, சிகரெட் எல்லாமே ஆபத்தைக் கூட்டும்.

எனக்குக் கூடுதல் கவலை தருவது குளிசை நிற்பதுதான். பலருக்குத் தொடக்கத்தில் அஸ்பிரினும் அதேபோன்ற இன்னொரு குளிசையான குளோபிடோகிரலும் சேர்த்து, பொதுவாக 21 நாட்கள் கொடுப்போம். பிறகு ஒன்றை நிறுத்துவோம். அதைக் கண்டு, மற்றதும் இனித் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். காலபோக அறுவடை நேரத்தில் கிளினிக் நாளும் தவறிவிடும், குளிசையும் முடிந்துவிடும். வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவரைக் கிளினிக் கொப்பியோடு அனுப்பி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். பல்லுப் பிடுங்கப் போகும்போதும் நீங்களாகவே குளிசையை நிறுத்தாமல், அந்தக் கொப்பியைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.