நங்கூரம் வாங்க வந்தால் முதலில் கிலோவைக் கேட்காதீர்கள்

கோவையில் எங்கள் பட்டறைக்கு நங்கூரம் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏனுங்க, எத்தனை கிலோவுல இருக்குதுங்க?" என்பதுதான். அடுத்தது, கிலோ என்ன ரேட்டு. மோட்டார் பம்ப்பையும் கிரைண்டரையும் தூக்கிப் பார்த்தே தரம் சொல்கிற ஊர் இது, குறை சொல்ல முடியாது. ஆனால் நங்கூரத்துக்கு அந்தக் கணக்கு பாதிதான் உதவும்.

கொங்கு நாட்டில் ஏது நங்கூரம் என்று சிலர் சிரிப்பார்கள். மேட்டூரிலும் பவானிசாகரிலும் படகு ஓடுகிறது. கோவை, திருப்பூரிலிருந்து வாரக்கடைசியில் பாலக்காடு வழியாகப் போய், கொச்சியில் நிறுத்தியிருக்கும் சின்ன கேபின் படகை எடுத்துக்கொண்டு வேம்பநாட்டுக் காயலில் இரவு தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக இவர்களுக்குத்தான். தூங்கும்போது படகைப் பிடித்துக்கொண்டிருப்பது நங்கூரம் ஒன்றுதான்.

பரிசலுக்குக் கல்லைக் கட்டி இறக்கினால் போதும், நிற்கும். பரிசல் லேசு, காற்று பிடிக்கிற உயரமும் அதற்கு இல்லை. அதே கல்லை 25 அடி கேபின் படகுக்குக் கட்டினால் கதை வேறு. கருங்கல் தண்ணீருக்குள் போனதுமே தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். மணிக்கு 55 கிலோமீட்டர் காற்று அடித்தால் அந்த அளவு படகில் இருநூறு கிலோ அளவுக்கு இழுவை வரும் என்று வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். அதை 10 கிலோ இரும்பு எடையால் தாங்காது. மண்ணுக்குள் புதைந்துதான் தாங்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உடுமலை, பல்லடம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. காற்றாலைகள் எல்லாம் அதை நம்பித்தானே நிற்கின்றன.

ஆகவே முதல் கேள்வி, அடியில் என்ன மண்? வேம்பநாட்டில் பெரும்பாலும் சேறு. அணைகளில் வண்டல், பாறை, முழுகிய மரங்களின் வேர்க்கட்டை எல்லாம் கலந்து கிடக்கும். மேட்டூரில் தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் தேவாலயக் கோபுரமும் நந்தியும் தலை காட்டும். பவானிசாகரில் டணாயக்கன்கோட்டைக் கோயில் வெளியே வரும். அப்படி ஊரே முழுகிக் கிடக்கிற இடத்தில் நங்கூரம் பிடிக்கவில்லை என்பதைவிட, பிடித்தது திரும்பி வரவில்லை என்பதுதான் அதிகத் தொல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. நங்கூரத்தின் தலைப்பக்கம், அதாவது மண்ணில் குத்துகிற அலகுகள் இருக்கும் முனையில், தனியாக ஒரு மெல்லிய கயிறு கட்டி, மறுமுனையில் மிதவை போட்டுவிடுங்கள். மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து எடுக்கலாம்.

இப்போது வடிவம். நாலு கொக்கி விரிகிற மடக்கு நங்கூரம்தான் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. பார்த்தால் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டி மாதிரியே இருக்கும், வேலையும் ஏறக்குறைய அதுதான். பாறையில் மாட்டும், சேற்றில் சும்மா கோடு கிழித்துக்கொண்டு வரும். பரிசலுக்கோ, மதியச் சோறு சாப்பிட நிறுத்துகிற சின்னப் படகுக்கோ சரி. ராத்திரிக்கு வேண்டாம்.

டான்ஃபோர்த் வகையில் இரண்டு தட்டையான அலகுகள் தண்டில் கீல் மாதிரி மாட்டியிருக்கும், இரண்டு பக்கமும் அசையும். எடை குறைவு, மணலிலும் கெட்டிச் சேற்றிலும் அபாரமாகப் பிடிக்கும். காற்று திசை மாறிப் படகு மறுபக்கம் திரும்பும்போது பிடுங்கிக்கொள்வது அதன் குணம். கலப்பை வகையை 1933-ல் ஜி.ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் வடிவமைத்தார். இன்னமும் நிறையப் படகுகளில் அதுதான் இருக்கிறது. புரூஸ் என்கிற நகவகை சீக்கிரம் மாட்டும், எடைக்கு ஏற்ற பிடி கிடையாது. எனக்குப் பிடித்தது, குழிந்த மண்வெட்டி அலகும் மேலே வளைந்த கம்பியும் கொண்ட புது வகை. நியூசிலாந்தின் ரோக்னா அதில் பேர்பெற்றது. எப்படி விழுந்தாலும் அந்த வளைகம்பி புரட்டி, நுனி மண்ணைக் குத்தும்படி வைத்துவிடும். 25 அடிப் படகுக்கு இந்த வகையில் 10 கிலோ வாங்கினால் நிம்மதி.

நம்மூருக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. ஃபவுண்டரி ஊர் என்பதால், போனில் போட்டோவைக் காட்டி "இதே மாதிரி ஊத்திக் குடுங்க" என்று செய்துகொள்கிறார்கள். அப்படிச் சாதா வார்ப்பிரும்பில் ஊற்றிய ஒன்று தண்டு முறிந்து எங்களிடம் வந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணிமணியாக இருந்தது, துளிக்கூட வளைவு இல்லை. வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை தராது, படக்கென்று போய்விடும். படகு பக்கவாட்டில் சுற்றும்போது தண்டின் மேல்தான் அத்தனை திருகலும் வரும். அதனால் எஃகு பிளேட்டில் வெல்டு செய்தது, அல்லது அடித்து உருவாக்கிய எஃகு. வெல்டிங் முடிந்த பிறகுதான் கால்வனைசிங் செய்திருக்க வேண்டும். பெயின்ட் மட்டும் அடித்தது முதல் முறை மண்ணில் இறங்கியதுமே உரிந்துவிடும்.

நல்ல நங்கூரம் வாங்கிவிட்டு ஐந்து மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் கயிறு விட்டு நிறுத்துகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்காது. ஆழத்தோடு தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் மூக்கு உயரத்தையும் கூட்டவேண்டும். ஐந்தும் ஒன்றும் ஆறு. கயிறு என்றால் அதில் ஐந்து முதல் ஏழு மடங்கு, அதாவது 30 முதல் 42 மீட்டர். ஏழு மடங்கு விட்டால் இழுவை தரையோடு எட்டு டிகிரியில் இருக்கும். இரண்டே மடங்கு என்றால் முப்பது டிகிரி, நங்கூரத்தை நாமே மேலே தூக்குகிற மாதிரி. காயலில் என்றால் கொச்சியில் கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் உயரும் சுமார் ஒரு மீட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நங்கூரத்தை ஒட்டி ஐந்தாறு மீட்டர் 8 மில்லிமீட்டர் சங்கிலி இருந்தால் தண்டு படுத்தே இருக்கும், கல்லில் உரசிக் கயிறும் அறுபடாது. கயிறு நைலான்தான், இழுத்தால் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விலை குறைவென்று தோட்டத்து மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டாதீர்கள். அது மிதக்கும், புரொப்பல்லரில் சுற்றும்.

இறக்கியதும் வேலை முடிந்துவிடாது. கயிற்றை முழுக்க விட்டு, எஞ்சினை ரிவர்ஸில் போட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு செல்போன் டவரையும் ஒரே கோட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு விலகினால் படகு நகர்கிறது. ஆகாயத்தாமரை மிதந்து வரும் இடமென்றால் நடுநடுவே எழுந்து பாருங்கள். ஒரு பெரிய திட்டு கயிற்றில் மாட்டினால் இழுவை எக்கச்சக்கமாகக் கூடிவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓடுகிற தண்ணீரில் படகின் பின்பக்கத்தில் நங்கூரம் கட்டாதீர்கள். பவானி, ஈரோடு பக்கம் காவிரியில் கதவணை மேல் கதவணை. திறந்துவிட்டால் ஓட்டம் சட்டென்று கூடும். பின்பக்கம் தாழ்வு, எஞ்சின் எடை வேறு அங்கேதான். கயிறு அதைக் கீழே அமுக்க, தண்ணீர் பலகை மேல் ஏறி உள்ளே வந்துவிடும். அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இருக்காது. எப்போதும் மூக்கில்தான் கட்டவேண்டும். கயிற்றின் மறுமுனையும் படகில் கட்டியிருக்கிறதா என்று போடுவதற்கு முன்பே பாருங்கள். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கிற சாக்கிள் வளையத்தின் ஆணியைக் கம்பியால் சுற்றிக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஆடி ஆடி அது தானே கழன்றுவிடும். கொஞ்சம் துருப்பிடிக்காத கம்பி போதும், தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், எந்தப் பட்டறையில் கேட்டாலும் ஒரு முழம் வெட்டித் தருவார்கள்.