ஜெபக் குறிப்பு வாசிக்கும்போது கேமரா எதற்கு?

"அண்ணே, அந்த வீடியோவை எப்படியாவது நீக்கிவிடுங்களேன்." இந்த மாதிரி போன் வராத மாதமே இல்லை என்று ஆகிவிட்டது. கடைசியாகப் பேசியவர் ஒரு பெண்ணின் தம்பி. அக்காவுக்கு வரன் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ சும்மா அவள் பெயரை யூடியூபில் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சபையின் பழைய ஞாயிறு ஆராதனை ஒன்று வந்து நின்றது. யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சபையில் வாசிக்கும் ஜெபக் குறிப்புகளை அப்படியே டைப் செய்து வீடியோவுக்குக் கீழே போட்டிருந்தார்கள். பெண்ணின் பெயர், தகப்பனார் பெயர், மனச்சோர்வுக்கு எந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை என்பது வரை. வீடியோவை ஓடவிட்டால் அதே விவரம் ஒலிபெருக்கியிலும் கேட்கிறது. அந்தப் பெண் குணமாகி வேலைக்குப் போகிறாள். சம்பந்தம் நின்றுபோனது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சபைகளுக்கு கேமரா, மிக்சர், நேரலை அமைத்துக் கொடுப்பது என் தொழில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆலயங்களைப் பூட்டினார்கள். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 புனித வெள்ளி, 12 ஈஸ்டர், மூன்றுமே செல்போன் திரையில்தான். அதுவரை புரொஜெக்டர் வைப்பதற்கே கமிட்டியில் சண்டை போட்டவர்கள்கூட அந்த ஒரு மாதத்தில் முக்காலியும் மொபைலுமாகக் களத்தில் இறங்கினார்கள். ஆலயம் திறந்த பிறகும் லைவ் நிற்கவில்லை. நிற்கவும் வேண்டாம். துபாயில் இருக்கும் மகன் அப்பாவின் அடக்க ஆராதனையைப் பார்த்து அழ முடிகிறது. இடுப்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டி, தான் சின்னப் பிள்ளையில் பாடிய கீர்த்தனையைத் தன் ஆலயத்துப் பாடகர் குழு பாடக் கேட்கிறார். இதைக் குறை சொல்பவன் நான் இல்லை. என் வீட்டில் அடுப்பு எரிவதே இதனால்தான்.

புதுக் கருவியைக் கையில் எடுப்பது தமிழ்ச் சபைகளுக்குப் புதிதும் அல்ல. தரங்கம்பாடியில் அச்சகம் வைத்து 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அடித்து முடித்தவர்களின் வழி வந்தவர்கள்தானே. ஆனால் அச்சகத்தில் பிழை திருத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். நேரலையில் அப்படி யாரும் கிடையாது. வாயிலிருந்து வந்தால் வந்ததுதான்.

இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "நம்ம ஜனங்கள் மட்டும்தான் தம்பி பார்க்கிறார்கள். நூறு வியூஸ்கூட வரவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள்?" போதகர், செயலர், மூப்பர் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் இதையே சொல்கிறார்கள். ஐயா, வியூஸ் குறைவு என்றால் அது அந்தரங்கம் என்று அர்த்தம் இல்லை. இதுவரை நூறு பேர் பார்த்தார்கள், அவ்வளவுதான். நூற்றியோராவது ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அது பெண் பார்க்க வருகிற வீடாக இருக்கலாம், வேலைக்கு எடுக்கப்போகிற கம்பெனியாக இருக்கலாம், சொத்து வழக்கில் எதிர்த்தரப்பாக இருக்கலாம். ஆலயத்தில் வாசித்த குறிப்பு முன்பெல்லாம் ஆமென் சொன்னதோடு முடிந்தது. இப்போது முடிவதில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற நேரலையை யூடியூப் தானாகவே சேமித்து வைத்துக்கொள்கிறது, நீங்கள் எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டாம்.

"அன்லிஸ்டட்டாகத்தானே போட்டிருக்கிறோம்" என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அன்லிஸ்டட் வீடியோ தேடலில் வராது, உண்மை. லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம், அதுவும் உண்மை. அந்த லிங்க்கை ஆயிரம் பேர் வரை இருக்கக்கூடிய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு இரகசியம் என்றால் எப்படி? சரி, பிறகு நீக்கிவிடலாமே என்பீர்கள். உங்கள் சேனலில் நீக்கலாம். யாரோ வெட்டி ஸ்டேட்டஸில் வைத்த துண்டை நான் எங்கே போய்த் தேடுவது?

எல்லாச் சபையிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இது நடக்கிறது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பொது ஜெபத்தில் நோயாளிகள் பட்டியல். கத்தோலிக்க ஆலயங்களில், யாருக்காகப் பூசை என்று வாசிக்கும் பூசைக் கருத்துகள். பெந்தெகொஸ்தே சபைகளில், கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று சொல்லும் சாட்சி. வேடிக்கை என்னவென்றால், இரகசியம் காப்பது சபைக்குத் தெரியாத விஷயம் இல்லை. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் கத்தோலிக்கக் குருவுக்குத் திருச்சபையிலிருந்தே விலக்கு. அத்தனை கண்டிப்பு உள்ள மரபில், மைக் முன்னால் வந்ததும் மட்டும் எப்படி மறந்துபோகிறது? அறைவீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ஜெபம்பண்ணச் சொன்ன இயேசுவுக்கு மாத்திரையின் பெயரை மைக்கில் சொன்னால்தான் தெரியுமா?

சட்டமும் இருக்கிறது. நம்பிச் சொன்ன ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் எவரும் வெளியிடக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். ஜெபத்துக்காகத்தான் சொன்னோம் என்பது அங்கே விதிவிலக்கு அல்ல. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளை ஆடவிட்டு, பெயர், வகுப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லவைத்து ரீல்ஸ் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

இன்னொன்று, திருடர்கள். "குடும்பமாக இரண்டு மாதம் அமெரிக்கா போகிறார்கள், பிரயாணத்துக்காக ஜெபிப்போம்" என்று வீட்டுக்காரர் பெயரோடு அறிவித்தால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே அறிவித்ததாகத்தான் அர்த்தம். "பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், அம்மா தனியாக இருக்கிறார்கள்" என்பதும் அப்படித்தான். போதகரின் படத்தை டிபியில் வைத்து, "ஆபரேஷன் செலவுக்கு அவசரமாக ஜிபே போடுங்கள்" என்று கேட்கும் ஆசாமிக்கு, யாருக்கு ஆபரேஷன் என்ற தகவலை நாமே கொடுத்துவிடுகிறோம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதீர்கள், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் சத்தமும் யூடியூபுக்குப் போகும் சத்தமும் மிக்சரில் தனித்தனி. யூடியூபுக்குப் போகும் சத்தத்துக்கான ஆக்ஸ் திருகைக் கீழே இறக்கினால் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும், வெளியே போகாது. படத்துக்கு, நேரலை மென்பொருளான ஓபிஎஸ்ஸில் ஒரு வசன ஸ்லைடை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். ஜெபக் குறிப்பு தொடங்கும்போது அதற்கு மாற்றி, முடிந்ததும் கேமராவுக்குத் திரும்புங்கள். இரண்டு நொடி வேலை. எந்தப் பக்கத்தில் மாற்ற வேண்டும் என்று ஆராதனை முறைமைத் தாளிலேயே பேனாவால் குறித்து லைவ் பையனிடம் கொடுங்கள். அவனாக யூகிக்கட்டும் என்று விடாதீர்கள். மொபைலில் மட்டும் லைவ் போடுகிற சின்னச் சபையா? அந்த நேரம் வரும் முன்பே லைவை முடித்துவிடுங்கள், பிரசங்கத்துக்கு வேறு லைவ் தொடங்கலாம்.

காலர் மைக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவிருந்து முடிந்து ஒருவர் முன்னால் வந்து முழங்கால்படியிட்டு அழுகிறார். போதகர் குனிந்து, "மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாரா அம்மா?" என்று காதோடு கேட்கிறார். காலர் மைக் மியூட் ஆகவில்லை. இதைப் பலமுறை நான் ஹெட்போனில் கேட்டு அலறியடித்து ஃபேடரை இறக்கியிருக்கிறேன். பீடத்தை விட்டு இறங்கும்போது மைக்கை அணைப்பது போதகரின் பழக்கமாக வேண்டும், என் வேகத்தை நம்பக் கூடாது.

சாட்சி வீடியோவை அன்றே ஏற்றாதீர்கள், தயவுசெய்து. சந்தோஷத்தில் அழுதுகொண்டு பேசுகிறவர் தன் கணவர் பெயரையும் கடன்காரர் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவார். ஒரு வாரம் கழித்து அவரையே உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். அடக்க ஆராதனைக்கு வீட்டாரிடம் மட்டும் லிங்க் கொடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் முகத்தைத் தம்ப்நெயிலில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

நியாயமான மறுப்பு ஒன்றும் உண்டு. ஆலயத்துக்கு வர முடியாத பெரியவர்களுக்குத் தங்கள் பெயர் வாசிக்கப்படுவதைக் கேட்பதே ஆறுதல். அதை நிறுத்தினால் சபை தன்னை மறந்துவிட்டது என்று நினைப்பார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுப் பெயரை மட்டும் வாசியுங்கள், நோயை விடுங்கள். முடிந்தால் ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். லைவ் வந்த பிறகு வீடு சந்திப்பு குறைந்துபோன சபைகளையும் நான் பார்க்கிறேன்.

அப்புறம், 2020-லிருந்து சேர்ந்து கிடக்கும் பழைய வீடியோக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்ட ஆள் கிடையாது என்பது எனக்குத் தெரியும். யூடியூப் ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் பிரைவேட் ஆக்கலாம். பிரசங்கம் மட்டும் வேண்டும் என்றால் பிறகு வெட்டி நிதானமாகத் திறந்துகொள்ளுங்கள். நான் வேலை செய்யும் சபைகளுக்கு நானே செய்து தருகிறேன், இதற்குக் கூலி வேண்டாம். சேனலின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் கண்டுபிடித்து வையுங்கள். பாதி இடங்களில் சேனலைத் தொடங்கிய பையனுக்கு வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான்.