ஃபியூஸ் மேல் பழி போடாதீர்கள்: பழைய காரின் வயரிங்கைத் தொடும் முன்

மறுபடியும் அதே கோலம்தான். அறுந்துபோன கண்ணாடி ஃபியூஸை மாற்றாமல், அதைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிரவுன் வயர் நாலடி நீளத்துக்குத் தோல் உருகி, பக்கத்து வயர்களோடு ஒட்டிப் பாகாய் இறுகிக் கிடக்கிறது. பெயிண்டுக்கும் குரோமியத்துக்கும் சீட் தையலுக்கும் மாதக்கணக்கில் அலைந்தவர் கடைசியில் சொல்வதும் அதேதான்: "கருகின அந்த ஒரு வயரை மட்டும் மாத்திக் குடுங்க, போதும்."

போதாது. கருகியது முதலில் மாட்டிக்கொண்ட வயர், அவ்வளவுதான். அதன் கூடப்பிறந்தவை அதே வருடம் செய்யப்பட்டு, அதே எஞ்சின் சூட்டில் அத்தனை வருடம் வெந்தவை. ஒன்றை வெட்டி ஒட்டிவிட்டு மற்றதை டேப் சுற்றி மறைப்பது புண்ணுக்குப் புனுகு பூசுகிற வேலை.

உங்கள் காருக்கு இந்த நிலை வந்துவிட்டதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பானட்டைத் திறந்து, சூடு அதிகம் படுகிற இடத்தில் ஒரு வயரை உங்கள் சுண்டுவிரலைச் சுற்றி வளையுங்கள். தோல் வெடித்தால் முடிந்தது. 1950-களுக்கு முந்தைய கார்களில் ரப்பர் தோல், அதன்மேல் பருத்தி நூல் பின்னல். வெளியே பார்க்கப் பின்னல் அழகாக இருக்கும். உள்ளே ரப்பர் பொடிந்து, செம்பைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் நூல்தான். பிறகு வந்த பி.வி.சி.யும் சாகாவரம் வாங்கி வரவில்லை. வருடங்கள் போகப்போக நெகிழ்வு போய் மரக்குச்சி மாதிரி ஆகிவிடும். அடுத்து, ஒரு டெர்மினலை வெட்டி எடுத்து வயரின் தோலைச் சீவிப் பாருங்கள். செம்பு செம்பாக இருக்க வேண்டும். கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். 10 சென்டிமீட்டர் உள்ளே போயும் கறுப்பே என்றால் அந்த வயரின் முனையில் எந்த லக்கைப் (இணைப்புக் கவ்வியை) போட்டாலும் நிற்காது.

இப்போது அந்த வெள்ளித்தாள் விஷயத்துக்கு வருவோம். இதை நூறாவது தடவையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஃபியூஸ் ஹெட்லைட்டைக் காப்பாற்ற வைத்தது என்று நினைக்கிறார்கள். ஹாரனை, ரேடியோவை, வைப்பர் மோட்டாரைக் காப்பாற்ற என்று நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்ற வைத்தது. பல்பு போனால் ஒரு பல்பு போகும். வயர் சூடேறினால் அதன் தோல் உருகும், அடுத்த வயரின் தோலையும் உருக்கும், இரண்டும் தொட்டுக்கொள்ளும். அதன்பிறகு நீங்கள் எந்தச் சுவிட்சை அணைத்தாலும் மின்சாரம் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆகவே எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடலாம் என்பதை முடிவு செய்வது முன்னால் இருக்கும் விளக்கு கிடையாது. அந்த ஃபியூஸிலிருந்து கிளம்பும் வயர்களில் மெலிந்தது எதுவோ, அதுதான் முடிவு செய்யும்.

சாதாரண பி.வி.சி. ஆட்டோ வயரின் கணக்கு இது. 0.30 மி.மீ. இழை 14 சேர்ந்தால் 1 சதுர மி.மீ.; தாங்குவது 8.75 ஆம்பியர். 28 இழை என்றால் 2 சதுர மி.மீ., 17.5 ஆம்பியர். 44 இழை 3 சதுர மி.மீ., 25 ஆம்பியர். 65 இழை 4.5 சதுர மி.மீ., 35 ஆம்பியர். 84 இழை 6 சதுர மி.மீ., 42 ஆம்பியர். பத்து வயரைச் சேர்த்துக் கட்டினால் உள்ளே இருப்பதற்குக் காற்றுப்படாது, இதையும்விடக் குறைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆக 17.5 தாங்கும் வயருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ். "அடிக்கடி போகுதுன்னு 30 போட்டுட்டேன்" என்பவர், ஃபியூஸ் செய்ய வேண்டிய வேலையை வயரிடம் ஒப்படைத்துவிட்டார். வயரும் மறுக்காமல் செய்யும்.

அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ ஒரு வயர் பாடியில் உரசுகிறது, அல்லது ஒரு மோட்டார் இறுகி அதிகம் இழுக்கிறது. அதைத் தேடுங்கள். சரியான அளவு ஃபியூஸே அளவு தாண்டிய கணத்தில் அறுந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் 20 ஆம்பியரில் பத்து நிமிடம் வரைகூட நிற்கலாம். இருமடங்கு போனால்தான் சில வினாடிகளில் போகும். சரியானதே இவ்வளவு நிதானம் என்றால் வெள்ளித்தாள் எதைத் தடுக்கும்?

தொழில்காரர்களே வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், அது அறுந்துபோகிற அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். அமெரிக்க முறைக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்றால் தொடர்ந்து 35 தாங்கும். "கம்பெனி புத்தகத்தில் 35 என்றுதான் இருக்கிறது" என்று வாதாடுகிறவர்கள் எந்த 35 என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஃபியூஸே இல்லாத பாதைகள் இன்னும் மோசம். பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரில் மொத்தமே இரண்டு ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் கிடையாது. லூகாஸ் நிறமுறையில் பிரவுன் என்றால் சாவியை எடுத்த பிறகும் உயிரோடிருக்கும், ஃபியூஸ் வழியே வராத வயர். வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறும். அதற்கும் ஃபியூஸ் இல்லை. பச்சை, சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியே வருவது. ஊதா, எப்போதும் உயிர், ஆனால் ஃபியூஸ் உண்டு. சிவப்பு பார்க்கிங் விளக்கு, நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பிரவுனும் வெள்ளையும் உரசினால் தடுக்க ஆளில்லை. புதிதாக வயரிங் போடும்போது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முன்பு பேட்டரியைச் சார்ஜ் செய்தது) உள்ள கார் என்றால் 6 சதுர மி.மீ. வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போதும். செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் இதில் சேராது; அதற்கு பேட்டரி ஐசலேட்டர் சுவிட்ச் வைத்து, வண்டி நிற்கும்போது திருகி அணைத்துவிடுங்கள்.

ஹெட்லைட்

பழைய 45 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். எச்4 ஹாலஜன் பல்பு போட்டால் ஹை பீமில் இரண்டுக்கும் சேர்த்து 120 வாட், 10 ஆம்பியர். "இன்னும் வெளிச்சம் வேணும்" என்று 130/100 வாட் பல்பை மாட்டுகிறவர்களுக்கு 260 வாட், 21 ஆம்பியருக்கும் மேல். இது போவது 2 சதுர மி.மீ. வயரிலும், பேக்கலைட்டில் செய்த அந்தக் காலத்துச் சுவிட்சிலும். சுவிட்ச் உருகும் நாற்றத்தை வைத்தே எந்தப் பல்பு என்று சொல்லிவிடலாம்.

வெளிச்சம் குறைவு என்றால் பல்பைப் பழிக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். விளக்கு எரியும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், பல்பின் காலில் 10.5 என்று காட்டினால் இரண்டு வோல்ட் வழியிலேயே சூடாகிப் போகிறது. வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெரிய பல்பு அந்த நஷ்டத்தைக் கூட்டத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்; அதன் ஒவ்வொரு காலுக்கும் ஒரு எண் உண்டு. டிம்முக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. 30-ஆம் காலுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே நேர் வயர், 87 விளக்குக்கு, 86-க்குப் பழைய சுவிட்ச் வயர், 85 எர்த். இப்போது பழைய சுவிட்சில் ஓடுவது ரிலே சுருளுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம்தான். இடது வலது விளக்குகளுக்குத் தனித்தனி 10 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள்; ஒன்று போனால் இருட்டில் மற்றதாவது மிஞ்சும். ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் இருக்கும் 87ஏ-வைத் தொடாதீர்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது உயிரோடிருப்பது அந்தக் கால்தான்.

6 வோல்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு: அதே வாட்டுக்கு ஆம்பியர் இரட்டிப்பு. 12 வோல்ட் காரின் படத்தைப் பார்த்து வயர் வாங்காதீர்கள்.

எர்த், பிறகு மற்றவை

வயரெல்லாம் புதிது, ஆனால் இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கு மினுக்குகிறது என்றால் எர்த் போல்ட்டைப் பாருங்கள். புதுப் பெயிண்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருப்பார்கள். உப்புத்தாளால் தகரம் பளபளக்கத் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்கி, அப்புறம் வாசலின் பூசுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டையை மறந்தால் செல்ஃப் அடிக்கும்போது அந்த நூற்றுக்கணக்கான ஆம்பியர் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே ஓடும். கேபிள் உறை சிவக்கச் சூடாகும். பேட்டரி எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு சரியில்லை.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பழைய பிரிட்டிஷ் கார் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்க தோஷத்தில் நெகட்டிவ் எர்த் ஆல்டர்னேட்டரை அதில் மாட்டினால் டயோடுகள் அந்த நொடியே காலி.

தயவுசெய்து பழைய ஹார்னஸை, அதாவது காரின் மொத்த வயர்க்கட்டை, வெட்டி எறியாதீர்கள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் சீட்டுக் கட்டி, படம் பிடித்து, முழுதாக உருவி எடுங்கள். ஒரு பிளைவுட் பலகையில் விரித்து, கிளை பிரியும் இடமெல்லாம் ஆணி அடித்தால் அதுவே அச்சு. புது வயரை அதன்மேல் ஓட்டுங்கள், முனைக்கு 10 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, அதே நிறத்தில். ஒரே சிவப்பு வயரில் முழு காரையும் முடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து அதைத் திறப்பவரின் சாபம் சும்மா விடாது. கூடுதல் ஃபேன், ரேடியோ, சார்ஜர் எதெல்லாம் வேண்டுமென்று டேப் சுற்றுவதற்கு முன்பே யோசித்துத் தனி ஃபியூஸோடு வயர் விடுங்கள். ரெடிமேட் ஹார்னஸ் வாங்கினாலும் தவறில்லை. வருடம், டைனமோவா ஆல்டர்னேட்டரா, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று மூன்றையும் சொல்லி வாங்குங்கள்.

ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரில் மட்டும் நிதானம். சில கார்களில் அது சாதாரண வயரே இல்லை, ஹார்னஸுக்குள் ஒளிந்திருக்கும் ரெசிஸ்டன்ஸ் வயர். வண்டி ஓடும்போது காயிலுக்கு முழு 12 வோல்ட் போகாமல் பிடித்துவைப்பது அதுதான். அதைச் செம்பு வயராக மாற்றினால் வண்டி ஜோராகக் கிளம்பும், கொஞ்ச தூரத்தில் காயில் கொதித்து, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் கருகி நிற்கும். மீட்டரை வையுங்கள்: காயிலின் பிரைமரி 3 ஓம் என்றால் நேர் வயர் போகலாம், ஒன்றரை ஓம் என்றால் அதே அளவு பல்லாஸ்ட் (தொடராக வைக்கும் ரெசிஸ்டர்) வேண்டும்.

டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போட்டவர்களே, அந்தச் சார்ஜிங் வயரை யார் மாற்றுவது? லூகாஸ் சி40 டைனமோ தந்தது 22 ஆம்பியர். அதற்குப் போட்ட வயரில் 45 ஆம்பியரை ஓட்டுகிறீர்கள். டேஷ்போர்டில் 30 வரை காட்டும் ஆம்பியர் மீட்டர் இருந்தால் அவ்வளவும் அதற்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும், அதுவும் உங்கள் முழங்காலுக்கு மேலே. அதை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வையுங்கள்.

இணைப்பு எதுவானாலும் ராட்செட் கிரிம்பிங் கருவியில் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரில் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. அழுத்திய பின் பலமாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் இப்போதே வரட்டும். ஈயம் வைத்தால்தான் உறுதி என்பவர்கள் கவனிக்க: ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், விறைப்பு முடிகிற இடத்தில் அதிர்வுக்கு முறியும். ஈயம் வைத்தே ஆக வேண்டிய இடத்தில் வயரைப் பக்கத்திலேயே கட்டி அசையாமல் செய்யுங்கள். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் காரில் கூடவே கூடாது. வயரின் தோலைக் கிழித்துக் கவ்வும் அந்த நீலக் கிளிப்பும் அப்படித்தான். சில இழைகளை அறுத்துவிட்டு, மிச்சத்தில் ஈரத்தை விடும். தகரத்தில் துளை வழியே போகும் ஒவ்வொரு வயருக்கும் ரப்பர் க்ரோமெட் (துளையின் விளிம்பில் பொருத்தும் வளையம்). எஞ்சின் பக்கம் சாதாரண இன்சுலேஷன் டேப் சூட்டில் பசை கசிந்து அவிழ்ந்துவிடும். துணி டேப் வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியை நேராக மாட்டாதீர்கள். பேட்டரியின் எர்த் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வையுங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்க, கதவு மூடியிருக்க, பல்பு எரியக் கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். வயர் எதுவும் கருகாமல் பல்பு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பல்பு எப்போது அணைகிறது என்று பாருங்கள். எதைக் கழற்றியும் அணையவில்லை என்றால் பிரவுனில் தேடுங்கள். பல்பு அமைதியாக இருந்தால் அதை எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அரை மணி நேரம் ஹெட்லைட்டை எரியவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஹார்னஸில் எந்த இடமும் கை பொறுக்காத சூடு காட்டக் கூடாது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எர்த் போல்ட்டுகளை இன்னொரு முறை முடுக்குங்கள்; நீங்கள் சேர்த்த ரிலே, ஃபியூஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.