தெர்மோகிராஃபி: தமிழ்ல என்னன்னு சொல்லலாம்?

கொரோனா வந்தப்ப ஊரெல்லாம் பழகிப்போன ஒரு சொல் "தெர்மல் ஸ்கேனர்". ஜவுளிக்கடை வாசல், ஆபீஸ் கேட், ரயில்வே ஸ்டேஷன்னு எங்க போனாலும் நெத்திக்கு நேரா ஒரு டெம்பரேச்சர் கன்னை நீட்டி நம்பர் பார்த்துட்டுதான் உள்ள விட்டாங்க, செய்தியிலயும் "தெர்மல் ஸ்கேனர் மூலம் பரிசோதனை"ன்னே வாசிச்சாங்க. ஆனா அந்தக் கன் ஸ்கேன் எதுவும் பண்றதில்ல, தோல்ல ஒரு சின்ன இடத்துலேர்ந்து வர்ற கதிரை வாங்கி ஒரே ஒரு நம்பர் சொல்லும், அவ்ளோதான். அதோட சரியான பேர் அகச்சிவப்பு வெப்பமானி. ஏர்போர்ட்ல ஒரு கேமராவை ஸ்டாண்ட்ல நிறுத்தி, நடந்து வர்றவங்க முகமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமா கம்ப்யூட்டர் திரையில தெரியுற மாதிரி வச்சிருந்தாங்களே, அது வேற சங்கதி. 320க்கு 240 கேமரான்னா அந்த ஒரு படத்துல மட்டும் 76,800 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெப்பநிலை. இதுக்குப் பேர்தான் தெர்மோகிராஃபி, இதுல கிடைக்கிற படம் தெர்மோகிராம்.

சொல்லோட வேர் கிரேக்கம். தெர்மோஸ்னா சூடான, கிராஃபைன்னா எழுதுறது, வரையுறது. சூட்டை வரையுறதுன்னு நேராவே பொருள் வந்துடுது. இதோட ஒட்டிக்கிட்டே வர்ற இன்னொரு சொல் இன்ஃப்ராரெட், அதுல இன்ஃப்ரா லத்தீன், கீழேன்னு அர்த்தம், அதாவது அதிர்வெண் கணக்குல சிவப்புக்கும் கீழ இருக்குற கதிர்.

இந்தக் கதிரைக் கண்டுபிடிச்சது வில்லியம் ஹெர்ஷல், 1781ல யுரேனஸ் கோளைக் கண்டுபிடிச்ச அதே ஆள்தான். 1800ல இங்கிலாந்துல சூரிய வெளிச்சத்தைப் பட்டகத்துல விட்டு நிறம் நிறமா பிரிச்சு, எந்த நிறத்துல எவ்ளோ சூடு இருக்குன்னு தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தாரு, சிவப்பையும் தாண்டி வெளிச்சமே இல்லாத இடத்துல வச்சா அங்கதான் பாதரசம் இன்னும் மேல ஏறுது. அவரு அப்ப இன்ஃப்ராரெட்னு சொல்லல, அந்தப் பேர் ரொம்ப காலம் கழிச்சு வந்தது. அவரோட மகன் ஜான் ஹெர்ஷல் 1840ல ஒரு படி மேல போய், கரி பூசின தாளை சாராயத்துல நனைச்சு, வெப்பம் பட்ட இடத்துல அது சீக்கிரம் ஆவியாகுறதை வச்சு ஒரு படமே எடுத்துட்டாரு. வெப்பத்தாலயே எடுத்த முதல் படம்னு அதைச் சொல்றாங்க. தெர்மோன்னு ஆரம்பிக்கிற பேரை இந்த மாதிரிப் படத்துக்கு வச்சதும் அவருதான்.

இப்ப தமிழுக்கு வருவோம். இன்ஃப்ராரெட்டுக்கு தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல அகச்சிவப்பு, அல்ட்ராவயலட்டுக்கு புறஊதா. அகம் புறம்னு இரண்டும் ஜோடியா நிக்கிறது தமிழ்க் காதுக்கு ரொம்ப இதமா இருக்கு, ஒருதடவை கேட்டா மறக்காது. ஆனா பொருள் பார்த்தா ஒரு சிக்கல், கண்ணுக்குத் தெரியுற நிறங்களுக்கு உள்ள அது இல்ல, புறஊதா ஒரு பக்கம் வெளிய நிக்கிற மாதிரி இதுவும் இன்னொரு பக்கம் வெளியதான் நிக்குது. இலங்கைப் பாடப்புத்தகத்துல இதை செந்நிறக்கீழ்க் கதிர்னு எழுதுறாங்க, அல்ட்ராவயலட் அங்க கழியூதா. மூலச்சொல்லுக்கு நெருக்கமா இருக்குறது செந்நிறக்கீழ்தான்னு எனக்குப் படுது. அதுக்காக தலைமுறை தலைமுறையா படிச்ச அகச்சிவப்பைத் தூக்கிப் போடச் சொல்லல, இரண்டு கரையிலயும் இரண்டு சொல் இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா அங்க எழுதுனதை இங்கயும் இங்க எழுதுனதை அங்கயும் தடங்கல் இல்லாம படிக்கலாம்.

தெர்மோகிராஃபிக்கு வெப்ப வரைவியல், வெப்பப் படிமவியல், வெப்பப் படவியல்னு பல விதமா எழுதலாம். வரைவியல்ல கிராஃபைன் அப்படியே இருக்கு, படிமவியல் மருத்துவப் படிமவியலோட ஒத்துப் போகுது. இரண்டுலயும் தப்பில்ல, துறைக்குப் பேரா புத்தகத்துல இருக்கட்டும். ஆனா ஒரு நோயாளிகிட்ட போய் "உங்களுக்கு வெப்ப வரைவியல் எடுக்கணும்"னு சொன்னா அவருக்கு என்ன புரியும்? ஆஸ்பத்திரியில ஏற்கனவே நம்ம ஆளுங்க "எக்ஸ்ரே படம் எடுத்துட்டு வாங்க"ன்னு இயல்பா சொல்றாங்க. ஃபோட்டோவுக்கு ஒளிப்படம்னு ஒரு நல்ல சொல்லும் இருக்கு. ஒளியால எடுத்தா ஒளிப்படம், வெப்பத்தால எடுத்தா வெப்பப்படம். தெர்மோகிராம் வெப்பப்படம், தெர்மல் கேமரா வெப்பப்படக் கருவி, அந்த வேலை வெப்பப்படம் எடுக்குறது. என் ஓட்டு இதுக்குத்தான்.

இன்னொரு காரணமும் இருக்கு. ஸ்கேன்னு சொன்னதும் ஏதோ ஒரு கதிரை நம்ம உடம்புக்குள்ள பாய்ச்சுறாங்கன்னு ஜனங்க நினைக்கிறாங்க, 2020ல நெத்தியில அந்தக் கன்னை நீட்டினா மூளைக்குக் கெடுதல்னு வாட்ஸ்அப்ல வதந்தியே சுத்துச்சு, பலர் பயந்து கையை நீட்டினாங்க. நிஜத்துல நடக்குறது தலைகீழ். கதிரை விடுறது நம்ம தோல், கருவி அதை வாங்கிக்குது. 32, 33 டிகிரி செல்சியஸ்ல இருக்குற தோல் விடுற கதிர் 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்துல உச்சத்துல இருக்கும், அதனாலதான் இந்தக் கேமராக்களை 8லேர்ந்து 14 மைக்ரோமீட்டர் வரைக்கும் பார்க்குற மாதிரி செய்றாங்க. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது, அதான் லென்ஸை ஜெர்மானியம்ங்கிற தனிமத்துல பண்றாங்க, மூக்குக்கண்ணாடி போட்டவங்க படத்துல அந்த இடம் மட்டும் இருட்டா, குளிர்ச்சியா தெரியுறதும் இதனாலதான்.

சரி, கேமரா கதிரைத்தான் அளக்குது, வெப்பநிலையை இல்ல. கதிர்லேர்ந்து வெப்பநிலையைக் கணக்குப் போட்டுக் கொடுக்குறது சாஃப்ட்வேர். அந்தக் கணக்குக்கு முக்கியமா வேணுங்குறது எமிஸிவிட்டி, தமிழ்ல உமிழ்திறன், அதாவது ஒரு பொருள் தன் சூட்டுக்கு எவ்ளோ கதிரை விடுதுங்கிற அளவு, முழுசா விட்டா 1. இலங்கையில எமிஷனை காலல்னு சொல்றாங்க, கால்தல்னாலும் உமிழ்தல்னாலும் வெளிய விடுறதுதான், இரண்டுமே பழைய நல்ல வினைச்சொல். மனுஷத் தோலோட உமிழ்திறன் 0.98. கறுப்புத் தோலா வெள்ளைத் தோலாங்கிறதே இதுல கணக்கு இல்ல, 1934லயே ஜேம்ஸ் ஹார்டிங்கிற அமெரிக்க விஞ்ஞானி இதை அளந்து சொல்லிட்டாரு, இந்த அலைநீளத்துல எல்லார் தோலும் கிட்டத்தட்ட முழுக் கரும்பொருள்தான், அதாவது தன் சூட்டுக்கு விட முடிஞ்ச கதிரை ஏறக்குறைய முழுசா விடுற பொருள். இந்த ஒரு உண்மைதான் இந்த முறையையே எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவாக்குது.

பல கேமராவுல கடையிலேர்ந்து வர்றப்பவே உமிழ்திறன் 0.95ன்னு வச்சிருப்பாங்க. அதை மாத்தாம விட்டா, 25 டிகிரி ரூம்ல 34 டிகிரி தோலை ஏறக்குறைய கால் டிகிரி கூடுதலா காட்டும். காய்ச்சல் இருக்கா இல்லையான்னு முடிவெடுக்குற இடத்துல கால் டிகிரி சின்ன விஷயமே இல்ல. சுத்தி இருக்குற பொருள்கள் அடிக்கிற பிரதிபலிப்பு, தூரம், ஈரப்பதம் இதெல்லாமும் சாஃப்ட்வேர்ல கொடுக்கணும். நிறத்தையும் நம்பக் கூடாது, சிவப்பா தெரிஞ்சா காய்ச்சல்னு கிடையாது, அந்த நிறங்களை சாஃப்ட்வேர்தான் பூசுது, மேல் எல்லை கீழ் எல்லையை மாத்தினா அதே ஆள் அதே நிமிஷத்துல நீலமாவும் தெரிவாரு சிவப்பாவும் தெரிவாரு. அதனால படத்துல ஒரு பகுதியைக் கோடு போட்டுக் குறிச்சு, அந்தப் பகுதியோட அதிக அளவு, குறைஞ்ச அளவு, சராசரி மூணையும் எடுத்துத்தான் பேசணும். இந்தப் பகுதியை ஆளாளுக்கு ஒரு மாதிரி வரைஞ்சா ஒருத்தர் அளவை இன்னொருத்தர் அளவோட ஒப்பிடவே முடியாதுன்னு, வேல்ஸ்ல கிளமோர்கன் பல்கலைக்கழகத்துல ஃப்ரான்சிஸ் ரிங்கும் அவரு கூட இருந்தவங்களும் உடம்பை 24 நிலையில படம் எடுக்கணும், 90 பகுதியாப் பிரிக்கணும்னு ஒரு ஒழுங்கையே வகுத்தாங்க.

நடைமுறையில பெரிய தொல்லை என்னன்னா வாட்ஸ்அப். வெப்பப்படத்துல நிறம் மட்டும் இல்ல, ஒவ்வொரு புள்ளியோட அளவும் ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதை ஃபோட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அந்த அளவுகளை உதிர்த்துடும், போய்ச் சேர்றது வெறும் வண்ணப்படம், அதுக்கு மேல எந்த சாஃப்ட்வேராலயும் அதுல எதையும் அளக்க முடியாது. டாக்டருக்கு அனுப்புறதா இருந்தா டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

அடுத்து ரொம்ப குழம்புற இடம், தோல் வெப்பநிலை வேற, உடல் வெப்பநிலை வேற. "உடம்பு சுடுது"ன்னு அம்மா கையை வச்சுச் சொல்றது தோல் வெப்பநிலை, டாக்டர் சொல்ற 98.6 உள் உடம்போடது. கேமரா பார்க்குறது தோலை மட்டும். வெயில்ல நடந்து வந்தா நெத்தி சூடாகும், வேர்த்தா குளிரும், உள்ள ஒண்ணுமே மாறியிருக்காது. 2003ல சார்ஸ் தொற்று வந்தப்ப சிங்கப்பூர்ல ராணுவத்துக்கு வச்சிருந்த வெப்பக் கேமராவை மாத்தி அமைச்சு ஏர்போர்ட்ல காய்ச்சல் பார்க்க வச்சாங்க, உலகம் முழுக்க இது பரவுனது அதுக்கப்புறம்தான். பிறகு வந்த சர்வதேசத் தரநிலைகள் நெத்தியைப் பார்க்கச் சொல்லல, கண்ணோட மூக்குப் பக்க முனையைப் பார்க்கச் சொல்லுது, ஏன்னா உடம்போட உள்சூட்டுக்கு முகத்துலயே நெருக்கமா இருக்குறது அந்தச் சின்ன இடம்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்றபடி ரூம் 20லேர்ந்து 24 டிகிரிக்குள்ள இருக்கணும், ஆள் உள்ள வந்து கால் மணி நேரமாவது இருக்கணும், ஒரு நேரத்துக்கு ஒருத்தரைத்தான் பார்க்கணும், கண்ணாடி, மாஸ்க், தொப்பி மறைக்கக் கூடாது. கூட்டமா நடந்து வர்ற இருபது பேரை ஒரே படத்துல பிடிச்சு காய்ச்சல் கண்டுபிடிக்கிறோம்னு சொல்றது இந்த முறைக்கு ஒத்தே வராது.

இது நல்லா உதவுற இடமும் இருக்கு, சர்க்கரை நோய்க்காரங்க பாதம். நரம்பு மரத்துப் போனவங்களுக்குப் புண் வர்றதுக்கு முன்னாடி வலி தெரியாது, ஆனா அந்த இடம் சூடாகும். இடது பாதத்துலயும் வலது பாதத்துலயும் ஒரே இடத்தை ஒப்பிட்டு 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல வித்தியாசம் தொடர்ந்து இருந்தா எச்சரிக்கையா எடுத்துக்குறாங்க. இங்க உமிழ்திறன் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் இரண்டு பாதத்துக்கும் அதே பிழைங்கிறதால கழிச்சுப் பார்க்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகுது, ஒப்பீடா பார்க்கும்போதுதான் வெப்பப்படம் பலமா இருக்கு. சர்க்கரை இவ்வளவு இருக்குற நம்ம ஊர்ல இது இன்னும் பரவலா வரணும்.

மார்பகப் புற்றுநோய் விஷயத்துல மட்டும் கவனமா இருக்கணும். 1956ல கனடாவுல லாசன்ங்கிற டாக்டர் கட்டி இருக்குற மார்பகத்துல தோல் சூடு கூடுதலா இருக்குன்னு எழுதினாரு, மருத்துவ வெப்பப்படமே அங்கிருந்துதான் வளர்ந்தது. அமெரிக்காவுல 1982ல இதைத் துணைப் பரிசோதனையா மட்டும் அனுமதிச்சாங்க. ஆனா ரேடியேஷன் இல்ல, வலி இல்ல, தொடவே வேணாம்னு சொல்லி இதை மட்டுமே பார்த்துட்டு "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்புறது பெருகவும், மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்குற மேமோகிராமுக்குப் பதிலா இதை எடுக்காதீங்கன்னு எஃப்டிஏ பலமுறை எச்சரிச்சிடுச்சு. ஆழத்துல இருக்குற சின்னக் கட்டி தோலைச் சூடாக்கணும்னு கட்டாயம் இல்ல. அதனால தமிழ்ல நோட்டீஸ் அடிக்கிறவங்க இதை "மார்பகப் புற்றுநோய் ஸ்கேன்"னு போடாதீங்க, மார்பக வெப்பப்படம்னு போடுங்க, கீழயே மேமோகிராம் தனியா எடுக்கணும்னும் ஒரு வரி சேருங்க.